வெளிநாட்டு கேம் இசைத்தட்டு விற்க யாரிடம் அனுமதி கேட்பது? சின்னக் கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காசு கொடுத்து வாங்கின சரக்கு, நான் விற்றால் யாருக்கு என்ன? இந்தத் தொழிலுக்கு வருகிற பெரும்பாலானவர்கள் இந்த நினைப்போடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஜப்பானிலிருந்து வீடியோ கேம்களின் இசை அடங்கிய சவுண்ட்டிராக் சிடி முப்பது வரவழைத்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் அசல், பில் கையில் இருக்கிறது. ஒரு நாள் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஒரு சிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை இந்தியாவில் விற்க உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார். மனுஷர் வக்கீல். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு படித்ததும் பட்டதும்தான் இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் கடை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்களுக்குக் கதையே வேறு, அதையும் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அச்சடித்து வந்த வட்டை வாங்கி விற்பது ஒரு வேலை. அந்த இசையை நீங்களே உரிமம் எடுத்து சிடியாகவோ எல்பியாகவோ (பெரிய வினைல் இசைத்தட்டு) அச்சடிப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதற்கு ஒலிப்பதிவின் உரிமை, பாட்டின் உரிமை, அட்டையில் வரும் ஓவியத்துக்கும் கேமின் பெயருக்கும் உரிமை என்று மூன்று நான்கு கதவுகளைத் தட்ட வேண்டும். முன்பணம் கேட்பார்கள், ஒவ்வொரு அட்டைப் படத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். புதிதாக வருகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். இங்கே பேசப்போவது முதல் வேலையைப் பற்றி மட்டும்.

கடை எந்த நாட்டில் இருக்கிறது?

இதைப் பொறுத்துத்தான் எல்லாமே. அமெரிக்காவில் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. தாய்லாந்திலிருந்து படிக்கப் போன ஒரு மாணவர், ஊரில் மலிவாகக் கிடைத்த அசல் பாடப்புத்தகங்களைச் சொந்தக்காரர்களை வைத்து வாங்கி வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. சட்டப்படி தயாரான பிரதி எந்த நாட்டில் அச்சானாலும் சரி, அதை வாங்கினவர் மறுபடி விற்கலாம் என்பது அதன் சாரம். அதனால் அங்கே அசல் ஜப்பான் சிடி விற்கத் தனி அனுமதி தேவையில்லை. சிங்கப்பூரிலும் தயாரான நாட்டில் உரிமையாளரின் சம்மதத்தோடு தயாரான வட்டு என்றால் இறக்குமதி செய்து விற்கலாம்.

பிரிட்டனும் ஐரோப்பாவும் இப்படி இல்லை. அந்த வட்டாரத்துக்குள் உரிமையாளர் சம்மதத்தோடு முதல் விற்பனை நடந்திருந்தால்தான் அங்கே மறுவிற்பனை சுதந்திரம். ஹாங்காங்கில் இருந்துகொண்டு பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்கு மலிவு விலையில் அசல் சிடி அனுப்பிய சிடி வாவ் என்ற தளத்துக்கு 2007இல் லண்டன் நீதிமன்றம் விதித்த இழப்பீடு 4 கோடியே 10 லட்சம் பவுண்டு. திருட்டு சிடிக்காக இல்லை, அசல் சிடிக்காக!

இந்தியாவும் கண்டிப்புப் பக்கம்தான். 1984இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பெங்குவின் பதிப்பகத்தின் வழக்கு ஒன்று. அமெரிக்காவில் சட்டப்படி அச்சான புத்தகங்களை இங்கே ஒருவர் இறக்குமதி செய்து விற்றார், இந்திய உரிமம் பெங்குவினிடம் இருந்தது, அசல் பிரதியாகவே இருந்தாலும் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தது மீறல்தான் என்று தீர்ப்பானது. 2009இல் அதே நீதிமன்றம், அமெரிக்காவில் வாங்கிய அசல் டிவிடிகளை இங்கே வாடகைக்கு விட்ட கடை விஷயத்திலும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. இதை மாற்றத்தான் 2010இல் வந்த பதிப்புரிமைத் திருத்த மசோதாவில் ஒரு வரி சேர்த்தார்கள். ஆசிரியரின் அனுமதியோடு வெளிநாட்டில் வெளியான பிரதியை அங்கிருந்து இங்கே கொண்டுவந்தால் அது மீறல் பிரதி ஆகாது என்று அந்த வரி சொன்னது. பதிப்பகங்கள் எதிர்த்தன. 2012இல் சட்டம் நிறைவேறியபோது அந்த வரி காணாமல் போயிருந்தது. இறக்குமதி செய்பவர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக ஒரே ஒரு பிரதி கொண்டுவருவதற்குச் சட்டம் விலக்கு தருகிறது, கடைக்கு அது உதவாது.

வேடிக்கை என்னவென்றால், வணிகச் சின்ன விஷயத்தில் அதே 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் சாம்சங் வழக்கில் அசல் பொருளை இணை இறக்குமதி (உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வேறு வழியாகக் கொண்டுவருவது) செய்யலாம் என்று சொல்லிவிட்டது. ஆக உங்கள் கையிலுள்ள ஒரே சிடியின் அட்டையில் இருக்கிற லோகோவால் பிரச்சினை இல்லை, உள்ளே இருக்கிற ஒலிப்பதிவால்தான் பிரச்சினை.

"அட, ஊரில் இத்தனை பேர் விற்கிறார்களே, யார் கேட்கிறார்கள்?" என்பீர்கள். உண்மைதான், முப்பது சிடிக்காக டோக்கியோவிலிருந்து யாரும் ஃப்ளைட் ஏறி வரப்போவதில்லை. ஆனால் ஆன்லைன் சந்தையில் ஒரு புகார் வந்தால் உங்கள் பட்டியல் முழுக்கத் தூக்கப்படும். 2007ஆம் ஆண்டு விதிகளின்படி சுங்கத் துறையில் பதிவு செய்து வைத்திருக்கிற உரிமையாளர் சொன்னால் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, இது சின்ன உலகம் என்பதைத்தான். நாளைக்கு நேரடியாகச் சரக்கு கேட்கப்போகிற அதே நிறுவனத்தின் கண்ணில் அனுமதி இல்லாத கடையாகப் பட்டுவிட்டால் அப்புறம் பதில்கூட வராது. அனுமதி வாங்குவது நினைத்த அளவுக்குக் கஷ்டமும் இல்லை.

வட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

யாரிடம் கேட்க வேண்டும் என்பது வட்டிலேயே எழுதியிருக்கிறது. வட்டத்துக்குள் 'பி' எழுத்து இருந்தால் அதற்குப் பக்கத்தில் இருப்பது ஒலிப்பதிவின் உரிமையாளர். வட்டத்துக்குள் 'சி' என்றால் கேம், அட்டை ஓவியம், எழுத்து ஆகியவற்றின் உரிமையாளர். உங்களுக்கு முக்கியம் 'பி' ஆள். ஜப்பான் சிடியில் இன்னும் இரண்டு சொற்கள் இருக்கும்: ஹட்சுபைமோட்டோ என்றால் வெளியிடுபவர், ஹன்பைமோட்டோ என்றால் கடைகளுக்கு விநியோகிப்பவர். இரண்டும் பல நேரம் வேறு வேறு நிறுவனங்கள். சரக்கு கிடைப்பது விநியோகிப்பவரிடம், அனுமதி கிடைப்பது உரிமையாளரிடம் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த வெளியீட்டாளரிடம். இதைக் குழப்பிக்கொண்டு நான் இரண்டு மாதம் தவறான ஆளுக்கு மெயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜாஸ்ராக் முத்திரையைப் பார்த்துவிட்டு அங்கே எழுதாதீர்கள். அது இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைகளை நிர்வகிக்கும் சங்கம், வட்டு அச்சடிக்கும்போதே அவர்கள் பங்கு கட்டப்பட்டிருக்கும். தவிர, கேம் நிறுவனத்தின் சம்பள ஊழியர்கள் அமைத்த இசை பல நேரம் நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும், ஜாஸ்ராக்கில் பதிவே ஆகியிருக்காது. டிராகன் குவெஸ்ட்டுக்கு இசையமைத்த கொய்ச்சி சுகியாமா போல வெளியிலிருந்து வந்த இசையமைப்பாளர்கள் என்றால் நிலைமை வேறு.

பழைய வட்டுகளில் இன்னொரு சிக்கல். வட்டில் பெயர் இருக்கும் நிறுவனமே இன்று இருக்காது. ஸ்கொயர் நிறுவனத்தின் கிளையாக இருந்த டிஜிகியூப் 2003இல் திவாலானது. எஸ்.எஸ்.சி.எக்ஸ் என்று தொடங்கும் வட்டு எண் (வெளியீட்டின் அடையாள எண்) உள்ள ஃபைனல் ஃபேன்டசி சிடிகள் அதனுடையவை. அந்தத் தலைப்புகளில் பலவும் பிறகு ஸ்கொயர் எனிக்ஸின் பெயரில் எஸ்.கியூ.இ.எக்ஸ் என்று தொடங்கும் எண்ணோடு மறுபடி வந்தன. அதனால் பழைய எண்ணைத் தேடி ஏலத்தில் அலைவதை விட, மறுவெளியீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி தர உயிரோடு ஓர் ஆள் இருப்பார்.

எந்தக் கதவைத் தட்டுவது?

எளிதான கதவிலிருந்து தொடங்குங்கள். கேம் இசையை எல்பியாக வெளியிடும் மேற்கத்திய லேபிள்கள் இப்போது நிறைய: லண்டனில் டேட்டா டிஸ்க்ஸ், லேஸ்ட் ரெக்கார்ட்ஸ், ஜெர்மனியின் கொலோனில் பிளாக் ஸ்கிரீன் ரெக்கார்ட்ஸ், லாஸ் ஏஞ்சலிஸில் ஐயாம்8பிட். இந்த மாதிரி இடங்கள் கேம் நிறுவனத்திடம் முறையாக உரிமம் எடுத்து அச்சடிக்கின்றன, கடைக்காரர் எழுதினால் வியாபார மொழியிலேயே பேசலாம். கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: உங்கள் உரிமத்தின் எல்லைக்குள் இந்தியா வருகிறதா? தன்னிடம் இல்லாத உரிமையை லேபிள் உங்களுக்குக் கொடுக்க முடியாது. சில உரிமங்கள் ஜப்பான் நீங்கலாக உலகம் முழுக்க என்று இருக்கும், சில வட்டாரத்தோடு நின்றுவிடும்.

அடுத்த கதவு, சுயாதீன கேம் தயாரிப்பாளர்களும் தோஜின் குழுக்களும். டோக்கியோவில் நடக்கும் காமிகெட், எம்3 போன்ற சந்தைகளில் தாங்களே அச்சடித்த சிடிக்களை மேசை போட்டு விற்கிற ஆட்கள் இவர்கள். இசையமைத்தவரே உரிமையாளர் என்றால் ஒரே மெயிலில் காரியம் முடியும். பத்து பிரதி கேட்டால்கூடச் சந்தோஷப்படுவார்கள், ஏனென்றால் இந்தியாவிலிருந்து ஒருவர் கேட்கிறார் என்பதே அவர்களுக்குப் புதுசு. ஒரு எச்சரிக்கை: வேறு நிறுவனத்தின் கேம் பாட்டை மறு இசையமைப்பு செய்த தோஜின் சிடி என்றால், அதை வெளிநாட்டில் கடையில் விற்கும் உரிமை அந்தக் குழுவுக்கே இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசிக் கதவு பெரிய ஜப்பான் நிறுவனங்கள். நேரடியாக எழுதினால் பதில் வர மாதங்கள் ஆகும், வராமலும் போகும். அவர்கள் சரக்கை வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்பும் ஏற்றுமதி மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள், அவர்கள் வழியாகப் போவதுதான் நடைமுறை. ஆனால் ஏற்றுமதியாளரின் பில் மட்டும் அனுமதி ஆகாது. எந்தத் தலைப்புகளை இந்தியாவுக்கு விற்க வெளியீட்டாளர் சம்மதித்திருக்கிறார் என்று அவரிடமே எழுத்தில் வாங்குங்கள். நின்டெண்டோ கதவை நான் தட்டுவதே இல்லை. வெளி லேபிள்களுக்கு அவர்கள் உரிமம் தருவது அரிது, 2024 அக்டோபரில் தங்கள் இசைக்கென்று சொந்தமாக ஒரு செயலியே கொண்டுவந்துவிட்டார்கள்.

மெயிலில் என்ன எழுதுவது?

சுருக்கமாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் ஒட்டுங்கள், மொழிபெயர்ப்பு சுமாராக இருந்தாலும் மரியாதை புரியும். கடை எங்கே, எத்தனை வருடமாக நடக்கிறது, என்ன விற்கிறீர்கள் என்று இரண்டு வரி, கடையின் ஒரு படம். பிறகு வேண்டிய வட்டுகளின் எண், பிரதிகளின் எண்ணிக்கை. "உங்கள் எல்லா சவுண்ட்டிராக்கும் வேண்டும்" என்று எழுதுகிறவருக்கு யாரும் பதில் போடுவதில்லை, வட்டு எண்ணோடு "இதில் பத்து, அதில் ஐந்து" என்று எழுதுகிறவர்தான் வாங்கப்போகிறவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு அனுமதியின் அளவைத் தெளிவாகக் கேளுங்கள். இந்த எண்ணுள்ள வட்டுகளை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்து கடையிலும் எங்கள் இணையதளத்திலும் விற்க அனுமதி வேண்டும், எங்களுக்கு மட்டும் என்ற உரிமை வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பகுதி முக்கியம். ஏகபோகம் கேட்கிறார் என்று தோன்றினால் உடனே சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே போன மெயில் திரும்பி வராது. அட்டைப் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா, இணையதளத்தில் அரை நிமிட மாதிரி ஒலி போடலாமா என்பதை அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். வட்டை விற்கும் அனுமதிக்குள் ஒலியை இணையத்தில் கேட்கவைக்கும் அனுமதி அடங்காது. அனுமதிக் காலம் முடிந்தால் கையிருப்பை விற்றுத் தீர்க்க எத்தனை மாதம் என்பதையும் கேளுங்கள்.

பதில் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. மெயிலில் "ஆம், இந்தத் தலைப்புகளை இந்தியாவில் விற்கலாம்" என்று உரிமையாளரோ அவர் அதிகாரம் பெற்றவரோ தெளிவாக எழுதியிருந்தால் அதை அச்செடுத்து, அந்தச் சரக்கின் பில்லோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். போனில் "ஓகே ஓகே" என்றதெல்லாம் கணக்கில் வராது. முதல் பெரிய ஆர்டருக்கு முன்னால் அந்தக் காகிதத்தை ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது, அந்தக் கட்டணம் நான்கைந்து சிடியின் லாபம்தான்.

காசுக் கணக்கு

ஜப்பானில் சிடிக்கு விலை நிர்ணய முறை உண்டு, சைஹன் என்பார்கள். புத்தகம், செய்தித்தாள் போல இசைத்தட்டுக்கும் வெளியீட்டாளர் சொன்ன விலைதான் கடையில். அதனால் புது வெளியீடு அங்கே மலிவாகக் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள், மொத்த விலைத் தள்ளுபடியும் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் 3,300 யென் என்று போட்டிருக்கும் சிடியில் 300 யென் அவர்கள் ஊர் நுகர்வு வரி. ஏற்றுமதிக்கு அந்த வரி கிடையாது. பில் 3,000 யென் அடிப்படையில் வருகிறதா என்று பாருங்கள்.

இங்கே வந்திறங்கும் விலைக்கு ஒரு மாதிரிக் கணக்கு. சரக்கு, அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் சேர்த்து 100 ரூபாய், அடிப்படைச் சுங்கம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10 ரூபாய், அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி 1 ரூபாய், ஆக 111. அதன் மேல் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. மொத்தம் ஏறக்குறைய 131 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஐஜிஎஸ்டி பங்கை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம், சுங்கம் போனது போனதுதான். அன்றைய சுங்க விகிதத்தைக் கிளியரிங் ஏஜென்ட்டிடம் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள், வட்டுகள் 8523 என்ற தலைப்பெண்ணின் கீழ் வரும். எல்பியின் எடை ஆளைக் கொல்லும். பத்து எல்பிக்கு ஆகிற அனுப்பும் செலவில் சிடி எத்தனையோ வந்துவிடும், அதனால் ஆரம்பத்தில் சிடிதான் கைக்கு அடக்கம்.

காகித வேலையில் ஐஇசி எண், அதாவது இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண், முதல் படி. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும், உங்கள் பான் எண்ணேதான் அது. வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் முடக்கிவிடுவார்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், பிறகு பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்க ஆவணத்தைக் கேட்பார்கள். பார்சலில் "கிஃப்ட்" என்று எழுதச் சொல்லும் பழைய தந்திரம் 2019 டிசம்பரோடு செத்தது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர பரிசுப் பொருளாக எதையும் முழு வரி கட்டாமல் இறக்குமதி செய்ய முடியாது.

சரக்கு வந்ததும் ஒவ்வொரு வட்டிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்: இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, தயாரான மாதம், வருடம், எம்ஆர்பி, புகாருக்கான தொடர்பு. எடையளவுச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகள் இதைக் கேட்கின்றன. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு ஒலிப்பதிவைத் தயாரித்தவர், உரிமையாளர் ஆகியோரின் பெயர், முகவரி, முதலில் வெளியான வருடம் ஆகியவற்றையும் கேட்கிறது, ஜப்பானிய எழுத்தில் மட்டும் இருந்தால் அதையும் அதே ஸ்டிக்கரில் சேர்த்துவிடுங்கள். ஸ்டிக்கரை வெளி உறையில் ஒட்டுங்கள். ஓபி என்கிற அந்தக் காகிதப் பட்டையின் மேல் ஒட்டினால் சேகரிப்பாளர்கள் உங்களை மன்னிக்கவே மாட்டார்கள்.

போலி

ஒருமுறை ஏலத் தளம் ஒன்றில் பாதி விலைக்கு இருபது சிடி கிடைத்தது என்று துள்ளிக் குதித்தேன். வந்தவை அத்தனையும் தைவான் போலிகள். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் சன்மே, எவர் அனிமே போன்ற பெயர்களில் ஜப்பானிய அனிமே, கேம் இசை போலிகள் உலகம் முழுக்கப் போயின. அச்சு நன்றாகவே இருக்கும், பர்மா பஜார் காப்பி மாதிரி பார்த்ததும் தெரியாது. அசல் ஜப்பான் சிடியின் பார்கோடு 45 அல்லது 49இல் தொடங்கும், பட்டையில் யென் விலை இருக்கும், வட்டின் உள்வளையத்தில் பொடி எழுத்தில் ஐஎஃப்பிஐ (இசைத்தட்டு நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம்) குறியீடு இருக்கும் (தொண்ணூறுகளின் நடுவுக்கு முந்தைய வட்டுகளில் இது இருக்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்). வட்டு எண்ணைத் தேடினால் வேறு லேபிளின் பெயர் வந்தால் வாங்காதீர்கள். அந்த இருபதையும் நான் விற்கவில்லை, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்ட உதவுகிறது.

கடையில் பாட்டுப் போடுவது தனி உரிமம். வட்டை விற்கும் அனுமதி இருப்பதால் அதைக் கடையில் ஒலிக்கவிடலாம் என்று ஆகாது, அது பொது ஒலிபரப்புக் கணக்கில் வரும். வாடிக்கையாளர் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் உரிமையாளரிடமே முதல் மெயிலில் சம்மதம் கேட்டுவிடுங்கள், நான் பழகின சின்ன லேபிள்கள் யாரும் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை.

முதல் ஆர்டர் மூன்று தலைப்பு, தலைப்புக்குப் பத்து பிரதி. அதில் ஒன்றாவது உங்கள் ஊர்ப் பையன்கள் உண்மையிலேயே விளையாடிய கேமாக இருக்கட்டும், உங்களுக்குப் பிடித்த கேமாக மட்டும் இருக்க வேண்டாம். கேம் சவுண்ட்டிராக் பெரும்பாலும் ஒரே அச்சோடு தீர்ந்துபோகும், அதனால் மறு ஆர்டரை நம்பி வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்காதீர்கள். எந்த அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்பதை காலண்டரில் குறித்து வையுங்கள், முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கேட்டு மெயில் போடுங்கள், ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் ஜப்பானில் நீண்ட விடுமுறை, அப்போது யாரும் பதில் போட மாட்டார்கள்.